ஹோட்டல் விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுத்தால் விலைபோய்விட்டோம் என்று ஆகிவிடுமா?

உப்புக்காற்று (தங்கச்சிமடம்):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ராக் வாசிக்கிறோம். நான் பேஸ் கிதார். எல்லாரும் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பையன்கள். கோயில் பாடகர் குழுவில் கிதார் பிடித்துப் பழகி, அப்புறம் நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன் என்ற அமெரிக்க ராக் குழுக்களைக் கேட்டுக் கிறங்கிப்போனவர்கள். திருவிழா மேடையில் மெல்லிசைக் குழு இளைப்பாறும் நேரத்தில் எங்களுக்கு இரண்டு பாட்டு கொடுப்பார்கள். பெரியவர்கள் சத்தம் பொறுக்காமல் எழுந்து போவார்கள், இளவட்டங்கள் முன்னால் வந்து நிற்பார்கள். அவ்வளவுதான் எங்கள் வட்டாரம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பாட்டு செய்தோம். கரைவலை இழுக்கும்போது ஒரு பெரியவர் அம்பா (வலை இழுக்கிறவர்களின் பாட்டு) பாடுவதைப் போனில் பதிவு செய்திருந்தோம். பாட்டின் தொடக்கத்தில் 40 விநாடி அவர் குரல் மட்டும்தான். ஏலேலோ என்று அவர் இழுத்து நிறுத்துகிற இடத்தில் டிரம் விழும். யூடியூபில் போட்டோம். பெரிய கூட்டம் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தவர்கள் இன்றுவரை அதைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது ஒரு கடற்கரை ஹோட்டல் தன் விளம்பரத்துக்கு அதில் 30 விநாடி கேட்கிறது. 2,40,000 ரூபாய். 60,000 முன்பணம் வாங்கிவிட்டோம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து 'விலைபோயிட்டீங்களேடா' என்று கூடவே திரிந்த நண்பர்கள் சொல்கிறார்கள். ஒருவன் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

இந்த ஊர்க் காற்றில் கிதார் கம்பி பத்து நாளில் துருப்பிடிக்கிறது. ஆம்ப்ளிஃபயர் கடன் இன்னும் முடியவில்லை. நாங்கள் செய்தது தப்பா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

அரண்மனைவாசல் (ராமநாதபுரம்):

அண்ணே, நான் உங்கள் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதனால்தான் இதை எழுதும்போது வலிக்கிறது.

வாஷிங்டனில் ஃபுகாஸி என்று ஒரு குழு. 1987இல் தொடங்கினார்கள். நுழைவுச் சீட்டு 5 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று வருடக்கணக்கில் பிடிவாதமாக இருந்தார்கள். எந்த வயதுக்காரரும் உள்ளே வரலாம். குழுவின் பெயர் போட்ட பனியன்கூட விற்கவில்லை. அதில் பாடிய இயன் மெக்கே 1980லேயே நண்பரோடு சேர்ந்து டிஸ்கார்ட் என்ற சொந்த வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். பெரிய கம்பெனிகள் தேடி வந்தும் கடைசிவரை அதிலேயே வெளியிட்டார்கள். அவர்கள் பட்டினியாலும் சாகவில்லை.

ஆல்டர்னேட்டிவ் ராக், அதாவது மாற்று ராக் என்று பெயர் வைத்ததே 'எங்களுக்கு வேறு வழி இருக்கிறது' என்று காட்டத்தானே? அந்தப் பெரியவரின் குரல் கேட்கும்போது எனக்கு என் தாத்தா நினைவு வரும். இனிமேல் நீச்சல் குளத்தில் ஒரு பெண் கால் நனைக்கிற படம்தான் வரும். அதை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அக்காள்மடம்:

அரண்மனைவாசல் தம்பி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 5 டாலருக்கு வாசிக்க அவர்களுக்கு ஊருக்கு ஊர் அரங்கு இருந்தது, சர்ச் கூடம் இருந்தது, ஒரு வேனில் ஏறினால் அடுத்த ஊரில் கேட்க ஆள் இருந்தது. இங்கே டிரம் செட்டைத் தூக்கிக்கொண்டு ராமேசுவரத்தில் ரயில் ஏறினால் விடியும்போது சென்னை. அங்கே வாசித்துவிட்டு வந்தால் கையில் இருந்ததும் போயிருக்கும். நடுவில் எந்த ஊரில் இவர்களுக்கு மேடை இருக்கிறது?

கீழக்கரை காக்கா:

தம்பிமார்களுக்கு ஸலாம். வயதில் மூத்தவன் என்பதால் இரண்டு வார்த்தை.

1990களில் நான் துபாயில், தேராவில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். பக்கத்துக் கடை கேசட் கடை. நிர்வாணா அங்கேதான் என் காதில் விழுந்தது. ஊருக்கு வரும்போது சென்ட் பாட்டில், டார்ச் லைட்டோடு அந்தக் கேசட்டுகளும் பெட்டியில் வந்தன.

அந்தக் குழுவின் கதையைச் சரியாகச் சொல்ல வேண்டும். முதல் ஆல்பம் 1989இல் சியாட்டிலில் சப் பாப் என்ற சின்ன நிறுவனத்தில் வந்தது. ஒலிப்பதிவுக்கு ஆன செலவு 606 டாலர் 17 சென்ட். அடுத்ததற்கு கெஃபன் என்ற பெரிய இசைக் கம்பெனியின் டிஜிசிக்குப் போனார்கள். 1991 செப்டம்பரில் வெளியீடு. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தை இறக்கிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அந்த ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அட்டையில் குழுவின் படம். அதில் பாடகர் கர்ட் கோபேன் போட்டிருந்த பனியனில் கார்ப்பரேட் பத்திரிகைகளைத் திட்டி எழுதியிருந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கும். அட்டைக்கு வர ஒப்புக்கொண்ட பையன், ஒப்புக்கொண்டதற்குத் தண்டனைபோல நெஞ்சில் அதை எழுதிக்கொண்டு நிற்கிறான். வெளியில் யாரும் குற்றம் சாட்டுவதற்கு முன்னால் தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டவன் அவன். அந்த ஆல்பத்தின் வழவழப்பான ஒலியைப் பற்றியும் பின்னால் வெட்கப்பட்டுப் பேசினான்.

அந்த வழவழப்பைக் கழுவத்தான் அடுத்த ஆல்பத்துக்கு ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியைக் கூப்பிட்டார்கள். அவர் வேலைக்கு முன்னால் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராயல்டி (விற்க விற்க வருகிற பங்கு) எனக்கு வேண்டாம், குழாய் வேலை செய்கிறவருக்குக் கொடுப்பதுபோல வேலைக்கு உண்டானதைக் கொடுங்கள் என்று. 1 லட்சம் டாலர் மொத்தமாக வாங்கிக்கொண்டார். அந்த ஆல்பம் எவ்வளவு விற்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பாட்டு குழுவுடையது, காலத்துக்கும் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டே இருப்பது நியாயமில்லை என்பது அவர் கட்சி. 1993இல் அவரே ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குழு 2,50,000 டாலர் முன்பணத்துக்குப் பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போடுகிறது. மேனேஜர், வக்கீல், ஸ்டுடியோ, சுற்றுப்பயணம் எல்லாம் கழித்தால் ஒவ்வொருவர் கைக்கும் வருவது 4,031 டாலர் சொச்சம். கம்பெனிக்குக் கடன்வேறு பாக்கி நிற்கிறது.

அதனால் உப்புக்காற்று தம்பி, வாங்கினாயா இல்லையா என்று நான் கேட்க மாட்டேன். எழுதிக்கொடுத்த தாளில் என்ன இருக்கிறது? 30 விநாடியா, பாட்டு முழுசுமா? எத்தனை வருடத்துக்கு?

அரண்மனைவாசல்:

காக்கா, உங்கள் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் ஒரு கதவாவது மூடித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்தில் கில்மன் தெரு 924ஆம் எண் இடம் இருக்கிறது. 1986 கடைசி நாளில் திறந்தார்கள், தொண்டர்கள் நடத்துகிற இடம். பெரிய கம்பெனியில் சேர்ந்த குழு அங்கே வாசிக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். கிரீன் டே அங்கே வளர்ந்த பையன்கள். ரிப்ரைஸ் கம்பெனிக்குப் போனதும் அவர்களுக்கே கதவு மூடியது. அந்த விதி இருந்ததால்தான் அடுத்து வந்த சின்னப் பையன்களுக்கு மேடை மிச்சமிருந்தது. எல்லாருக்கும் திறந்திருந்தால் பணம் உள்ளவன்தானே முதலில் வந்து உட்காருவான்?

கீழக்கரை காக்கா:

கில்மன் விதியை நான் குறை சொல்லவில்லை. அது இடத்தைக் காப்பாற்றுகிற விதி. அதே கிரீன் டே 2015இல் தீ விபத்தில் நஷ்டப்பட்ட ஒரு பதிப்பகத்துக்கு நிதி திரட்ட அங்கே வந்து வாசித்தார்கள். கதவை மூடியவர்கள்தான் திறந்தும் விட்டார்கள்.

ஆனால் ஜாபிரேக்கர் என்ற குழுவுக்கு நடந்தது வேறு. கம்பெனிக்குப் போக மாட்டோம் என்று மேடையிலேயே சொன்னவர்கள், அப்புறம் டிஜிசியில் கையெழுத்துப் போட்டார்கள். 1995இல் ஆல்பம் வந்தது. உயிரைக் கொடுத்துக் கேட்ட ரசிகர்களே கச்சேரியில் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் குழு உடைந்தது. 2017இல் சிகாகோவில் ரயட் ஃபெஸ்ட் இசை விழாவில் திரும்பச் சேர்ந்தபோது, அன்று ஒதுக்கிய பாட்டுகளையும் கூட்டம் வரி விடாமல் பாடியது. பாட்டு அதே பாட்டு. இருபது வருடம் வீணாகப் போனது யாருக்கு?

முதுகைக் காட்டி உட்காருகிறவன் ஒன்றும் இழப்பதில்லை தம்பி. நாளைக்கு வேறு குழுவைக் கேட்பான்.

தொண்டி வாத்தியார்:

எனக்கு இந்த இசை பழக்கமில்லை. பேரன் சொல்லி இந்த இழையைப் படித்தேன். ஆனால் இதே வழக்கை நான் இளமையிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். ஜெயகாந்தன் சரஸ்வதி சிற்றிதழில் எழுதியவரை அவரைக் கொண்டாடினோம். ஆனந்த விகடனில் எழுத ஆரம்பித்ததும் 'போய்விட்டார்' என்றோம். நானே தேநீர்க் கடையில் நின்று அப்படிப் பேசியவன். அப்புறம் ஒருநாள் எங்கள் அம்மா, பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பு தாண்டாதவர், எழுத்துக்கூட்டி விகடனில் அவர் கதையைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரஸ்வதி எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. வந்திருந்தாலும் அம்மா கைக்குப் போயிருக்காது.

அதற்காக விகடனுக்குப் போன எல்லா எழுத்தும் அப்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன். போன இடத்தில் எழுத்து என்ன ஆனது என்று பார்க்க வேண்டியிருந்தது. நாங்கள் போனதை மட்டும் பார்த்தோம்.

முசல்தீவு:

அந்தப் பாட்டில் டிரம் வாசித்தது நான். பேசுவதை நிறுத்திய ஒருவன் என்று எழுதியிருக்கிறானே, அதுவும் நான்தான். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நிர்வாணா, ஃபுகாஸி எல்லாம் பேசியாயிற்று. இங்கே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பணம் வாங்கியதற்காக நான் விலகவில்லை. எனக்கும் பணம் வேண்டும். செல்போன் கம்பெனி கேட்டிருந்தால் நானே முதலில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இந்த ஹோட்டல் எங்கே இருக்கிறது? அந்தப் பெரியவர் வலை இழுக்கிற கரைக்குப் பக்கத்தில். சுவர் எழுப்பிய பிறகு, வலையையும் வடத்தையும் தலைச்சுமையாகக் கொண்டுபோகிற வழி போய்விட்டது. இப்போது தாழைப் புதரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மீன்பாடு உள்ள நாளில் ஐஸ் வண்டி கிட்டே வர முடியவில்லை. அந்த வழியை மறித்தவர்களின் விளம்பரத்தில், அந்த வழியில் நடந்தவரின் குரல் வரப்போகிறது. இதைத்தான் நான் வேண்டாம் என்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கரைவலை அம்பா ஒரே வேகத்தில் போகாது. மடி (மீன் சேருகிற வலைப்பை) கரையை நெருங்க நெருங்கக் கனம் கூடும், பாட்டு தாழ்ந்து மெதுவாகும், மூச்சு வாங்குகிற சத்தம் பெரிதாகும். அதைப் பிடிக்கத்தான் கிளிக் டிராக் (வேகம் மாறாமல் காதில் தட்டுகிற ஒலி) வைக்காமல் 23 தடவை வாசித்தேன். விளம்பர ஆட்கள் அந்த மூச்சுச் சத்தத்தைத் துடைத்து எடுத்துவிட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் சொல்லவில்லை அவன்.

உப்புக்காற்று:

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. வழி விஷயம் எனக்குக் கையெழுத்துப் போடும்போதே தெரியும். தெரிந்தும், அது வேறு இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பதிவில் எழுதாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுதியிருந்தால் உங்கள் பதில் எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும் என்பதால்தான் விட்டேன்.

காக்கா கேட்டதற்கு: 30 விநாடிதான், இரண்டு வருடம். பெரியவர் பெயர் தாளில் எங்கேயும் இல்லை. பதிவு செய்த அன்று அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம். அதற்கப்புறம் எதுவும் கொடுக்கவில்லை.

சின்னப்பாலம்:

நான் பாசி எடுக்கிற வீட்டுப் பெண். இந்த இழையில் பெண் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, தீவைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். வனத்துறை கெடுபிடி கூடக்கூட அந்த வேலை குறைந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி மண்டபம் பக்கத்தில் பெப்சி கம்பெனி காப்பாபைக்கஸ் பாசி வளர்ப்பைக் கொண்டுவந்தது. மூங்கில் மிதவை கட்டி, கயிற்றில் நாற்றுக் கட்டி, ஒன்றரை மாதத்தில் அறுவடை. அதிலிருந்து எடுக்கிற கராஜீனன் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து செய்தார்கள். அம்மா முதன்முதலாக வங்கிக்குப் போனது அந்தப் பணத்தைப் போடத்தான்.

அம்மாவை யாரும் விலைபோனவள் என்று சொல்லவில்லை. கூலிக்காரி கம்பெனிக்கு வேலை செய்தால் பிழைப்பு. கிதார் வாசிக்கிறவன் செய்தால் துரோகம். உங்கள் பாட்டைத் தூய்மையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள், அந்தத் தூய்மைக்கு உங்களிடம் வாடகை கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆனால் கதையின் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். அந்தப் பாசி மிதவையிலிருந்து பிய்ந்து குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைமேல் படர்ந்தது. 2008இல் ஆராய்ச்சியாளர்கள் அதை எழுதினார்கள். பவளப்பாறை மீன் ஒதுங்குகிற இடம். கம்பெனி அந்தத் தொழிலை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது. பாறைமேல் படர்ந்ததைப் பிய்க்கிற வேலை இங்கே இருக்கிறவர்களுக்கு. அம்மா வாங்கிய பணத்தில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் யாரிடம் வாங்குகிறோம், அவர்கள் போன பிறகு இங்கே என்ன மிஞ்சும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அதுதான் வித்தியாசம் தம்பி.

அக்காள்மடம்:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு நாட்டுப்படகு இருக்கிறது. காக்கா சொன்ன அல்பினி கதையை அப்பாவிடம் சொன்னேன். அப்பா உடனே, 'அவரு கூலி கேட்டிருக்காரு, பங்கு வேணாம்னுருக்காரு' என்றார். எங்கள் தொழிலில் இரண்டும் வேறு. படகைப் பழுதுபார்க்கிறவருக்குக் கூலி. பாடு வந்தாலும் வராவிட்டாலும் அவர் காசு அவருக்கு உண்டு. கடலுக்கு வருகிறவனுக்குப் பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சத்தைப் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பிரிப்போம். படகுக்குப் படகு கணக்கு மாறும், ஆனால் பங்கு இல்லாமல் ஒருவனைக் கடலுக்குக் கூட்டிப்போக முடியாது.

அந்தப் பெரியவர் உங்கள் பாட்டில் குழாய் மாட்டினவரா, கடலுக்கு வந்தவரா? எனக்கு வந்தவராகத்தான் தெரிகிறது. 40 விநாடி அவர்தான் பாட்டே.

மண்டபம் வக்கீல்:

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் போட்டு வைக்கிறேன். அம்பா மெட்டு பழைய மெட்டு, அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் பாடுகிறவருக்கு உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் நிகழ்த்துகிறவரின் உரிமை இருக்கிறது. அவர் பாடியதிலிருந்து 50 ஆண்டு அது செல்லும். அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வதும் அதைப் பயன்படுத்துவதும் மீறல். வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி உண்டு என்று 2012 திருத்தம் சொல்கிறது. பெயர் போடச் சொல்லவும், குரலைச் சிதைத்தால் தடுக்கவும்கூட அவருக்கு உரிமை வந்தது அந்தத் திருத்தத்தில்தான். மூச்சுச் சத்தத்தைத் துடைப்பது அந்தக் கணக்கில் வருமா என்பது வாதம் செய்ய வேண்டிய விஷயம். கேட்காமல் செய்தால் வாதமே தேவைப்படாது.

தமிழில் நடந்த ஒன்றையும் நினைவுபடுத்துகிறேன். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது அது சுயாதீன இசைக்கு விடிவு என்று நாம் எல்லாரும் கூத்தாடினோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களின் பேரன் எழுதிய வரிகள். அந்த மக்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி நம் ராமேசுவரத்தில்தான் வந்து இறங்கினார்கள், மண்டபம் முகாமில்தான் தங்கினார்கள். கோடிக்கணக்கில் கேட்கப்பட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று அதற்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். சினிமாவுக்கு வெளியே வந்தால் நேர்மை தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தோம்.

அரண்மனைவாசல்:

நான் முதலில் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். பாட்டை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள் என்று எழுதினேன். அது என்னுடையதாக இருந்ததே இல்லை. அந்தப் பெரியவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

ஒரு யோசனை. இங்கிலாந்தில் சம்பாவாம்பா என்ற குழு. இஎம்ஐ என்ற பெரிய இசைக் கம்பெனிக்கு எதிராக வந்த ஒரு தொகுப்பில் பாடியவர்கள், 1997இல் அதே இஎம்ஐயில் சேர்ந்து வசவு வாங்கினார்கள். 2002இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுத்து, வந்த பணத்தை கார்ப்பரேட் எதிர்ப்பு அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். அந்த அமைப்புகள் அந்தப் பணத்தில் ஜெனரல் மோட்டார்ஸையே கேள்வி கேட்டன. நீங்களும் வாங்கி, வழிக்காகப் போராடுகிறவர்களுக்குக் கொடுக்கலாமே?

முசல்தீவு:

தம்பி, நல்ல எண்ணத்தில் சொல்கிறாய். ஆனால் கார் விளம்பரத்தில் வந்த பாட்டு யாருடைய வழியையும் மறிக்கவில்லை. இங்கே அந்தக் குரலை வைத்துத்தான் 'மீனவர்களோடு இணைந்து வாழும் இடம்' என்று காட்டப்போகிறார்கள். நாளைக்கு வழி கேட்டுக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும்போது, உங்கள் ஆள்தானே பாடியிருக்கிறார் என்று எதிரில் இருக்கிறவர் கேட்டால் என்ன சொல்வது?

கீழக்கரை காக்கா:

முசல்தீவு தம்பி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உப்புக்காற்று, நீ போய் அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வா. அவரைக் கேட்காமல் நாம் எத்தனை பக்கம் எழுதினாலும் இது ஓடாது.

உப்புக்காற்று:

நேற்று காலையில் போய்ப் பார்த்தேன். வலை காயப்போட்டுப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். போனில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மூன்று வருடத்தில் அவர் அதை முழுதாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. டிரம் விழுகிற இடத்தில் கை நின்றது. 'மடி வருது' என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பணம், ஹோட்டல், தாள் எல்லாவற்றையும் சொன்னேன். மெட்டு தன் மாமா பாடியது என்றார். தான் மட்டும் காசு வாங்க முடியாது, தனியாக நின்று பாடினால் அது அம்பா இல்லை, இழுத்தவன் எல்லாரும் திருப்பிச் சொன்னால்தான் அம்பா என்றார். வழியைப் பற்றிக் கேட்டேன். 'நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்களும் கேட்டா நல்லதுதான்' என்றார். கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை.

ராத்திரி உட்கார்ந்து எழுதியது இது. மொத்தம் 8 பங்கு, பங்குக்கு 30,000. பதிவில் வாசித்த நான்கு பேருக்கு 4. பெரியவருக்கு 1. அன்று வலை இழுத்தவர்களுக்குச் சேர்த்து 3. இப்போது எங்களோடு இருக்கிற டிரம்மர் அந்தப் பதிவில் இல்லை, தனக்கு வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

விளம்பர ஆட்களுக்கு மெயில் போட்டோம். பெரியவர் பெயர் வர வேண்டும், குரலைத் துடைக்கக் கூடாது, சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் வலை போகிற வழியைத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம். பெயருக்கும் குரலுக்கும் சரி என்று பதில் வந்தது. வழி தங்கள் வேலை இல்லை, அதை ஹோட்டல்காரர்களிடம் கேளுங்கள் என்கிறார்கள். ஹோட்டலுக்கு எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொல்கிறோம். மூன்றாமவன் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. அவனை எதிர்த்து ஓட்டுப் போட எனக்கு மனம் வரவில்லை. 60,000 வங்கியில் அப்படியே இருக்கிறது.

முசல்தீவு:

படித்தேன். பாட்டு போனாலும் போகாவிட்டாலும், என் பங்கு வந்தால் அதை இழுத்தவர்கள் பங்கோடு சேர்த்துவிடு. வழி திறக்காமல் அது அங்கே ஒலிப்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் மாற்றம் இல்லை.

30 விநாடிக்கு அளவாக வெட்டுவதற்குக் கிளிக் டிராக் வைத்துத் திரும்ப வாசித்துத் தரச் சொன்னார்களா? அதை நீ எழுதவில்லை.

உப்புக்காற்று:

கேட்டார்கள். உன்னைத் தவிர வேறு யாரும் அதை வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.